ஏழாம் மாடியில் ஒரு வேலிப் பொட்டு

தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறை முக்காலியில் இருந்தேன். கிண்ணத்தில் சீயக்காய் ஊறிக்கொண்டிருந்தது. எண்ணெய் படக் கூடாது என்று காதுக் கருவியைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. ஏதோ நிழல் ஆடுகிறதே என்று திரும்பினால் வாசலில் மூன்று பேர். முன்னுக்கு எதிர்வீட்டு ஜமேக்கா அம்மா, தேவாலயத்துக்குப் போக வெள்ளைச் சட்டையும் பெரிய தொப்பியும் போட்டபடி. பின்னால் கட்டடத்தைப் பார்க்கிற சுப்பர், கையில் சாவிக் கொத்து. அவருக்கும் பின்னால் மூலை வீட்டுச் சீனத் தாத்தா, இரவு உடுப்போடு, மரியாதையாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

நான் கத்தினேன். ஜமேக்கா அம்மாவும் கத்தினார். பிறகு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "எண்ணெய், எண்ணெய், வேண்டாம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் விடவில்லை. அழுதார். விட்டபோது அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை. உயிரோடு இருக்கிறாய், உயிரோடு இருக்கிறாய் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை, காது கேளாமலே உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அன்று மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு. கனடாவில் இந்தப் பக்கம் அன்று விடியப்புறம் இரண்டு மணிக்கு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடிவிடும். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். சுவர் மணிக்கூட்டுக்கு அது தெரியாது. என் குசினிச் சுவரில் எட்டு நாற்பது. ஊருக்கெல்லாம் ஒன்பது நாற்பது. ஒன்பது மணிக்கு மேல் என் கதவில் மட்டை தொங்கினால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மட்டை பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மணிக்கூட்டுக் கதையை முடிக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2020இலேயே இந்த மாற்றத்தை நிறுத்தச் சட்டம் போட்டாயிற்று. பக்கத்திலுள்ள கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்து மாறினால்தான் நடைமுறைக்கு வரும் என்று காத்திருக்கிறார்கள். எனக்கு இது புதிதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குள், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து சனத்தோடு சனமாக நடந்து வெளிக்கிட்டு, தென்மராட்சியில் தங்கி, வன்னிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வருசம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம்தான். யாராவது பத்து மணிக்கு வா என்று சொன்னால், "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டுத்தான் வெளிக்கிடுவோம். 2006 சித்திரையில்தான் நாடு பழையபடி பழைய நேரத்துக்கு வந்தது. ஆக, நேரத்தைத் தொலைக்கிறது எனக்குப் பழகின காரியம். ஆனால் அந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் மறந்தால் ஒருவர் சொல்லுவார்.

நான் 2008இல் ஸ்காபரோவுக்கு வந்தேன். மகன் ஸ்பொன்சர் செய்தார். இவரும் நானும் மகனுடைய வீட்டு நிலவறையில் இருந்தோம், பிறகு இந்தக் கட்டடத்தில் ஒரு அறை வீடு கிடைத்தது. 65 வயதாகி, நாட்டில் பத்து வருசம் இருந்தால்தான் முதியோர் பென்சன். அந்தப் பத்து வருசமும் எங்கள் சோற்றுக்கும் மருந்துக்கும் மகன்தான். பத்தாம் வருசம் பென்சன் வரத் தொடங்கியது, அடுத்த வருசம் இவர் போய்விட்டார். மகனுக்குக் கல்கரியில் வேலை மாறியது. வாங்கோ அம்மா, வாங்கோ அம்மா என்று இன்றைக்கும் கேட்கிறார். நான் போகவில்லை. எனக்கு இங்கே பஸ் தெரியும். சாரதி பஸ்ஸைப் பதித்து நிறுத்தி, நான் ஏறி இருக்கும் மட்டும் பொறுத்துத்தான் எடுப்பார். நூலகத்தில் தமிழ்ப் புத்தகத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். யன்னலோரம் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது, இந்தக் குளிருக்குள் எட்டு வருசமாக. இங்கே எனக்கு எல்லாம் பழகிவிட்டது.

பழகிவிட்டது என்று எழுதும்போது இணுவில் வீட்டு முற்றம்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. என்ன செய்கிறது.

விடியப்புறம் நாலரை, ஐந்து மணிக்கு முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும். முதலில் எங்கள் வீட்டில். அடுத்த வீட்டில் இன்னொரு விளக்குமாறு. அதற்கு அடுத்ததில் துலா கிறீச்சிடும். ஒவ்வொரு வீட்டுக் கூட்டலுக்கும் ஒரு தாளம். சின்னம்மா நீட்டி நீட்டிக் கூட்டுவா, அம்மா கிட்டக் கிட்ட இழுத்துக் கூட்டுவா. படுக்கையில் கிடந்தபடியே யார் எழும்பிவிட்டார், யார் எழும்பவில்லை என்று சொல்லலாம். ஒரு நாள் ஒரு வீட்டில் சத்தம் கேட்காவிட்டால் வேலிப் பொட்டுக்கால் ஒரு தலை நீளும். "என்னடி, இண்டைக்கு முற்றம் கூட்டேல்லையோ? சுகமில்லையோ?" கேட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. பொட்டுக்கால் குனிந்து உள்ளுக்கு வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மல்லித் தண்ணி அவித்துத் தந்துவிட்டுத்தான் போவார். கிடுகு வேலியில் அந்த ஓட்டையை யாரும் அடைப்பதில்லை. வேலி புதிதாக அடைக்கிற வருசமும் பொட்டை மட்டும் விட்டுவிட்டு அடைப்பார்கள்.

ஏழாம் மாடியில் அப்படி ஒரு பொட்டு இருக்கவில்லை. நல்ல மனிதர்கள்தான். மின்தூக்கியில் கண்டால் சிரிப்பார்கள், குளிர் என்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். எங்கள் வரிசையில் தனியாக இருந்த ஒரு அம்மா குளியலறையில் விழுந்து, இரண்டாம் நாள்தான் கண்டார்கள். உயிர் தப்பிவிட்டார். ஆனால் திரும்பி வீட்டுக்கு வரவில்லை, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாளும் நான் அந்தக் கதவைக் கடந்துதான் குப்பை போடப் போனேன். அதை நினைக்க இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு விளக்குமாற்றுச் சத்தம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே.

அந்தக் கிழமைதான் ஜமேக்கா அம்மா எங்கள் ஆறு வீட்டுக்காரரையும் கூட்டித் தேநீர் வைத்தார். ஆறு பேரும் தனி ஆட்கள். இரவு படுக்க முன்னம் கதவுக் கைபிடியில் ஒரு மட்டை தொங்கவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னம் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டார் தட்ட வேண்டும். திறக்காவிட்டால் சுப்பரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். மட்டைக்கு எங்கே போகிறது என்று யோசித்தபோது, போன வருசத்துத் தமிழ்க்கடைக் காலண்டர் என்னிடம் இருந்தது. பிள்ளையார் படம். வெட்ட மனம் வரவில்லை. சுடுதண்ணீர் ஆவியில் பிடித்து, படத்தைக் கிழியாமல் உரித்து எடுத்து சுவாமித் தட்டில் வைத்துவிட்டு மட்டையைக் கொடுத்தேன். சீனத் தாத்தா அதை ஆறாக வெட்டி, பச்சை மை பூசி, தூரிகையால் ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து எழுதித் தந்தார். என்ன எழுத்து என்று கேட்டேன். அமைதி என்றார். என்னுடைய மட்டையின் பின்பக்கத்தில் பிள்ளையாரின் மஞ்சள் நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தினமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் தொங்கவிடுகிறேன்.

மகன் கழுத்தில் போடுகிற அவசரப் பொத்தான் வாங்கி அனுப்பியிருக்கிறார். விழுந்தால் அமத்தலாம், யாரோ பேசுவார்கள். நல்ல சாமான், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அன்றைக்கும் கழுத்தில்தான் கிடந்தது. ஆனால் அதை நான்தான் அமத்த வேண்டும். மட்டை அப்படி இல்லை. நான் ஒன்றும் செய்யாவிட்டாலும், செய்ய முடியாவிட்டாலும், காலை ஒன்பது மணிக்கு நடைபாதையில் யாரோ ஒருவர் என் கதவைப் பார்த்து, இன்னும் எடுக்கவில்லையே என்று நினைப்பார். 76 வயதில் ஒருவருக்கு வேறு என்ன பெரிய செல்வம் வேண்டும்?

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். ஜமேக்கா அம்மா கறைபட்ட சட்டையை மாற்றவில்லை, நேரமாகிவிட்டது என்று அப்படியே தேவாலயத்துக்குப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரம் வடை சுட்டுக்கொண்டு கதவைத் தட்டினேன். சட்டையைத் தோய்த்துத் தருகிறேன் என்றேன். அவர் கறையை முகர்ந்து, இது என்ன எண்ணெய் என்று கேட்டார். எள்ளு என்றேன், விளங்கவில்லை. சமையல்கட்டில் இருந்து ஒரு பிடி எள்ளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு கறுத்த போத்தலோடு வந்தார். மூடியைத் திறந்ததும் எனக்கு வாசம் தெரிந்துவிட்டது. ஆமணக்கெண்ணெய்! கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கிறது, அதுதான் கறுப்பு, தன் பாட்டி அடுப்பில் காய்ச்சுவா என்று கையாலேயே செய்து காட்டினார். என் பேத்தியாரும் அதே மாதிரித்தான் இடித்துக் காய்ச்சுவா. ஆளுக்காள் உச்சியில் எண்ணெய் வைத்துவிட்டோம். அவருடைய விரல் என் மண்டையில் பட்டபோது கண் சொருகியது. இவர் போன பிறகு என் தலையை வேறொருவர் கை தொட்டது அன்றுதான்.

சீனத் தாத்தாவும் வடைக்கு வந்தார். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு மூன்று குவளை தண்ணீர் குடித்தார். இன்னும் இரண்டு வடையை கடதாசியில் சுற்றிக்கொண்டு போனார். காதுக் கருவி மாட்டியிருந்ததால் அவர் சிரிப்பது நன்றாகக் கேட்டது. அந்தக் கருவிக்கு ஒன்ராறியோ அரசாங்கம் 75 சதவீதம், ஒரு காதுக்கு 500 டொலர் வரைக்கும் தருகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் எத்தனையோ எங்கள் ஆட்கள் ஒன்றும் கேளாமல் வீட்டு மூலையில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

அன்று இரவு சுவர் மணிக்கூட்டையும் மாற்றிவிட்டு, ஏழரைக்குக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஊரில் தங்கச்சி காலை ஆறு மணிக்கு முற்றம் கூட்டத் தொடங்கும்போது எனக்கு அழைப்பு எடுப்பாள். அவளும் தனி. பிள்ளைகள் லண்டனில். வேலிகளும் இப்போது இல்லை, எல்லா வீட்டுக்கும் மதில் வந்துவிட்டது, பொட்டு விடுகிற மதில் எங்கே இருக்கிறது? அதனால் கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கூட்டுவாள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். அம்மாவைப் போலத்தான், கிட்டக் கிட்ட இழுத்து.

ஏழரை ஆயிற்று. ஏழே முக்கால். அழைப்பு இல்லை. நானே எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. மூன்று தரம் எடுத்தேன். வழுக்கி விழுந்தாளோ, கிணற்றடியில் பாசி பிடித்து இருக்கிறதே என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் நடந்தேன். யாரை எழுப்பிப் போய்ப் பார் என்று சொல்வது? யாருடைய இலக்கம் இருக்கிறது? எட்டு மணி. எட்டே கால்.

எட்டரைக்கு மணி அடித்தது.

"எங்கையடி போனனி? நான் இஞ்சை செத்துப் போனன்!" என்று கத்திவிட்டேன்.

"ஏன் கத்துறியள் அக்கா? நான் எண்டைக்கும் எடுக்கிற நேரத்துக்குத்தானே எடுக்கிறன். ஆறு மணி."

அவளுக்கு ஆறு மணிதான். முன்னுக்கு ஓடினது எனக்கு. பனிக்காலத்தில் எங்களுக்குள் பத்தரை மணித்தியாலம், இனி ஒன்பதரை. எத்தனை வருசமாகத் தெரிந்த கணக்கு, அன்று நினைவில் வரவில்லை. அழுகையும் சிரிப்புமாக அவளுக்குக் காலைக் கதையெல்லாம் சொன்னேன், எண்ணெய்க் கறையில் இருந்து வடை வரைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இலக்கத்தை இப்பவே சொல்லு என்று கேட்டு, காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அப்புறம் அவள் கைப்பேசியைத் திண்ணையில் வைத்தாள். சர், சர் என்று தொடங்கியது.

அதைக் கேட்டபடியே எழும்பிப் போய்க் கதவைத் திறந்து மட்டையைத் தொங்கவிட்டேன். நடைபாதையில் மற்ற ஐந்து கதவிலும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டு இருந்தன.