பாலியஸ்டர் சேலையும் இஸ்திரிச் சூடும்

கொதிக்கிற ரசத்தைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கோணிக்கொள்ளும். அது உருகிப்போனதால் அல்ல. அந்தப் பிளாஸ்டிக் உருகச் சுமார் 250 டிகிரி வேண்டும். இழுத்து ஊதி, இழுத்த நிலையிலேயே குளிரவைத்த பாட்டில் அது. 75, 80 டிகிரி சூடு பட்டதும், நீண்டு கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் இளகிப் பழையபடி சுருண்டுகொள்கின்றன.

காரைக்குடிக் கடைகளில் கண்டாங்கிக் கட்டம் போட்டு மலிவாகத் தொங்கும் பாலியஸ்டர் சேலையும் இதே பொருள்தான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அசல் கண்டாங்கி பருத்தி. சந்தேகமிருந்தால் முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவி மெழுகுவர்த்தி அருகே கொண்டுபோங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் தீ தொடும் முன்பே பின்வாங்கிச் சுருங்கும், பிறகு உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பாட்டில் கோணியதும் இழை பின்வாங்குவதும் ஒரே காரணத்தால்தான்.

அப்படியானால் சேலை வெந்நீரில் ஏன் பாட்டில்போலச் சுருங்குவதில்லை? பாலியஸ்டரை 280 டிகிரிக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் வழியே பிழிந்து, நிதானமான வேகத்தில் சுற்றிய இழைக்கு வலு கிடையாது. கையால் இழுத்தாலே நீளும், நீண்டபடியே நிற்கும். 80 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி மூன்று, நான்கு மடங்கு இழுத்தால்தான் சங்கிலிகள் ஒரே திசையில் அடுக்கி, நெருக்கமாக ஒழுங்காகச் சேர்ந்த இடங்கள், அதாவது படிகங்கள், உருவாகி, நூல் உறுதியாகிறது. இதோடு நிறுத்தினால் வெந்நீரில் சுருங்கும். அதனால் துணியை ஸ்டென்டர் என்ற, விரித்துச் சூடாக்கும் மெஷினில் இரு கரையும் பிடித்து, 180 முதல் 210 டிகிரியில் அரை நிமிடம்போல ஓட்டுகிறார்கள். இதுதான் ஹீட் செட்டிங். பிடித்தபடி சூடாக்கினால் படிகம் கூடும், அடுக்கும் கலையாது. பிடிக்காமல் விட்டால் துணி சுருங்கும், இழுத்தால் நீளும், வலு குறையும். முழு இறுக்கமும் நல்லதல்ல. பாவுப் பக்கம், அதாவது நீளவாட்டில், இரண்டு, மூன்று சதவீதம் தளர்வு கொடுத்தால் பின்னால் சுருங்குவது குறையும்.

தொழிலில் அதிகம் தலைவலி தருவது சாயம். சாயம் படிகத்துக்குள் போகாது, ஒழுங்கற்ற இடங்களில்தான் நுழையும். செட்டிங் சூடு ஏற ஏறச் சாயம் ஏறுவது குறைந்து, 170, 180 வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். அதைத் தாண்டினால் மறுபடி கூடும். சின்னப் படிகங்கள் கரைந்து எண்ணிக்கையில் குறைவான பெரிய படிகங்களாகச் சேர, நடுவே இடைவெளி பெரிதாகிறது. ஆகவே மெஷினில் இடது பக்கம் ஒரு சூடு, வலது பக்கம் ஒரு சூடு என்றிருந்தால் சேலையின் இரு கரையும் இரண்டு ஷேடாக வரும். சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அழுத்தத்தில் 130 டிகிரிக்குச் சூடாக்கிச் சாயம் போட்ட தண்ணீரை அவசரமாகத் திறந்துவிட்டாலும் மடிப்புத் தழும்பு விழும். நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு டிகிரியாக இறக்கி, 80க்குக் கீழே வந்த பிறகே வடிக்க வேண்டும்.

வீட்டில் நினைவிருக்க வேண்டியது: செட்டிங் செய்த சூட்டுக்கு நெருங்கினாலோ மீறினாலோ துணி புது வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகில் பருத்திக்கான மூன்று புள்ளி என்பது சுமார் 200 டிகிரி. அந்தச் சூட்டில் பாலியஸ்டர் பளபளத்துத் தட்டையாகும், கோணலாக விழுந்த கொசுவம் அப்படியே நிற்கும். அதை எடுக்க மறுபடி அதே அளவு சூடு வைக்க வேண்டும், அதற்குள் துணி கெட்டுவிடும். ஒரு புள்ளி, 110 டிகிரி போதும். கரிப்பெட்டியில் புள்ளி கிடையாது என்பதால் சேலையை உள்பக்கம் திருப்பி, மேலே ஈரப் பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள். தேய்த்த சூட்டோடு மடிக்க வேண்டாம், கொடியிலும் மாட்ட வேண்டாம். துணி இன்னும் 80க்கு மேல் இருந்தால் மடித்த கோடும் கொடித் தடமும் ஆறும்போது பதிந்துவிடும். விரித்த இடத்திலேயே இரண்டு நிமிடம் ஆறவிட்டு, கையில் சூடு தெரியாதபோது மடியுங்கள்.