செல் இல்லாத தட்டும் சிவக்கும்

“பல்லுக்குள் சிமெண்ட் வைக்கிறேன் என்கிறீர்களே டாக்டர், எலும்பை அரித்துவிடாதா?” தேவனாம்பட்டினத்திலிருந்து மகனை அழைத்து வந்த தாய் கேட்டார். பையனின் முன்பல் அடிபட்டுச் செத்திருந்தது. வேரின் நுனி இன்னும் மூடவில்லை. அரிக்காது என்றேன். அவர் கேள்விக்கு முழுப் பதில் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வைப்பது எம்.டி.ஏ. (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட்) என்ற பல் சிமெண்ட். 1993இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபிநெஜாத் குழுவினர் அறிமுகப்படுத்தியது. வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்குச் சொந்தம்தான். ஆனால் சுத்திகரித்தது, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு கலந்தது. தண்ணீர் பட்டதும் கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிவந்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். சில மணி நேரத்தில் 12ஐத் தாண்டுகிறது. குழைத்த உடனே, இறுகும் முன் அதைத் தொடும் செல்கள் மடியும். இறுகிய பிறகோ எலும்பை உருவாக்கும் செல்களைப் போன்ற செல்கள் அதன்மேல் ஒட்டிப் பரவுகின்றன. ஆகவே எந்த நிலையில் சோதித்தார்கள் என்பதைப் பார்க்காமல் எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

புதுச்சேரியில் முதுநிலை படித்தபோது சாவோஸ்-2 என்ற செல்களைச் சிமெண்ட்டோடு வளர்த்துச் சோதித்தேன். எலும்புப் புற்றுக் கட்டியிலிருந்து வந்த இவை, தாமே தாதுவைப் படியவைக்கும். வைட்டமின் சியும் பாஸ்பேட் தரும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் கொடுத்து வளர்த்து, கடைசியில் அலிசரின் ரெட் சாயம் ஊற்றுவோம். கால்சியம் படிந்த இடமெல்லாம் செக்கச் செவேலென்று மாறும். பார்த்ததும் மனம் துள்ளும்.

என் வழிகாட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிமெண்ட் மட்டும், செல் ஒன்றுகூட இல்லாத தட்டு ஒன்றையும் கூடவே வைக்கச் சொன்னார். அதுவும் சிவந்தது! சிமெண்ட் கசியவிடும் கால்சியம், செல்களை வளர்க்கும் ஊட்டநீரிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து தானாகவே படிந்துவிடுகிறது. அந்தச் சிவப்பைக் கழித்தால்தான் செல்களின் உழைப்பு தெரியும். எலும்பு உருவாக்கும் செல்கள் உண்டாக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதியையும் அளந்தால் இன்னும் உறுதி.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலைக் கொண்ட சிமெண்ட் வேறு கதை. பல்வலியை அருமையாகத் தணிக்கும். ஆனால் யூஜினால் அளவு கூடினால் செல்களுக்கு நஞ்சு. நுனி திறந்த வேரில் நான் அதை வைப்பதில்லை.

இதைப் படிக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கு ஒன்று: “எங்கள் சிமெண்ட் எலும்பை வளர்க்கிறது” என்று சிவப்புப் படத்தைக் காட்டி யாராவது விற்க வந்தால், செல் இல்லாத தட்டின் படத்தைக் கேளுங்கள்.