அண்ணா என்றால் எந்த அண்ணா?

அமெரிக்காவில் தஞ்சம் கேட்பவர் வந்திறங்கி ஓராண்டுக்குள் ஐ-589 படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அது தெரியவந்தபோது பத்து மாதம் ஓடிவிட்டது. படிவம் நிரப்பித் தருவதாகக் காசு வாங்கியவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். 2018 ஜனவரி. பக்கத்துத் தேவாலயத்தில் அகதிகளுக்கு உதவ ஒரு குழு இருக்கிறது என்றார்கள். நான் சைவ சமயம். வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "எந்தத் தேதியில் வந்தீர்கள்?" இதுதான் முதல் கேள்வி.

காசு வாங்காத வக்கீலை அவர்களே பிடித்துத் தந்தார்கள். மனு கொடுத்து 150 நாள் ஆகாமல் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது என்பதால், குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை தன் வீட்டில் ஓர் அறையும் தந்தார். ஆனால் என்னைக் காப்பாற்றியது அவருடைய சிவப்புப் பேனாதான். என் வாக்குமூலத்தை வரி வரியாக வாசித்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"படிவத்தில் ஒரு தங்கை மட்டும்தான் இருக்கிறாள். இங்கே அண்ணாவை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். யார் இந்த அண்ணா?"

பெரியப்பாவின் மகன். நமக்கு அவரும் அண்ணாதானே! அதிகாரி கண்ணில் பட்டிருந்தால் பொய் என்றே முடிவு கட்டியிருப்பார். அன்றிரவே ஒரு பெரிய கடதாசியில் என் சொந்தபந்தம் முழுவதையும் வரைந்தோம். மச்சான் என்ற சொல்லை விளக்கவே அரை மணி நேரம் போனது.

நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளரை நாமே கூட்டிப்போக வேண்டும். வக்கீலோ சாட்சியோ அந்த வேலையைச் செய்யக்கூடாது. சபை தேடிப் பிடித்தது ஒரு தமிழ்நாட்டு மாணவரை. நல்ல பிள்ளை. ஆனால் நான் "பேந்து போனேன்" என்றதை, "பயந்து போனேன்" என்று மாற்றிவிட்டார். பிறகு என்பதற்கும் பயத்துக்கும் எவ்வளவு தூரம்! மூன்று ஞாயிறு, வழிபாடு முடிந்ததும் பின்னறையில் உட்கார்ந்து அவர் என் யாழ்ப்பாணத் தமிழைப் பழகினார்.

அந்த ஜனவரி கடைசியில்தான் புதிய மனுக்களை முதலில் விசாரிப்பது என்று குடிவரவுத் துறை மாற்றியிருந்தது. அதனால் சீக்கிரமே அழைப்பு வந்தது. அதிகாரி அண்ணாவைப் பற்றித்தான் நெடுநேரம் கேட்டார். நாங்கள் இணைத்திருந்த வரைபடத்தில் விரலை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து முடிவை வாங்கப் போனபோது ஆசிரியை காரில் காத்திருந்தார். கடிதத்தை நீட்டினேன். முதலில் என் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் முடிவை வாசித்தார்.