கிரிம்ஸ்பி கோபுரமும் முடியாத ஒரு கணக்கும்

“அக்குமுலேட்டர் வந்த காலத்துல எதுக்கு சார் இவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம்? வீண்தானே?”

தண்ணீர் அழுத்தத்தால் இயந்திரங்களை ஓட்டும் ஹைட்ராலிக் வகுப்பில், பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி கிரிம்ஸ்பி கோபுரத்தைப் பற்றிக் கேட்டது. அக்குமுலேட்டர் என்றால் பெரிய எடையை ஏற்றித் தண்ணீரை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் கருவி. “வீண் இல்லப்பா, அன்னிக்கு இருந்த நிலைமைக்கு அது சரிதான்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் இன்னும் கணக்கு முடியவில்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் கழிமுகத்துச் சேற்றை மீட்டுக் கட்டிய கிரிம்ஸ்பி ராயல் டாக்கின், அதாவது கப்பல்கள் உள்ளே வந்து நிற்கும் துறையின், வாசலில் நிற்கிறது அந்தக் கோபுரம். 1852-ல் வேலைக்கு வந்தது. உயரம் 94 மீட்டர். வடிவமைத்தவர் ஜேம்ஸ் வில்லியம் வைல்ட். இத்தாலியின் சியன்னா நகரசபைக் கோபுரத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார். அடியில் பக்கத்துக்கு 8.5 மீட்டர் அகலம். சுவர் கீழே 1.2 மீட்டர் கனத்தில் தொடங்கி மேலே போகப் போக மெலிகிறது. சுமார் 10 லட்சம் செங்கல். இவ்வளவும் தரையிலிருந்து 61 மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டியைத் தாங்குவதற்கு. தொட்டியில் 30,000 கேலன், அதாவது ஏறத்தாழ 1,36,000 லிட்டர் தண்ணீர். நீராவி பம்ப் அதை மேலே ஏற்றும். இறங்கி வரும் தண்ணீரின் அழுத்தம், டாக்குக்குள் நீரைத் தடுத்து நிறுத்தும் லாக் கதவுகளையும் கிரேன்களையும் இயக்கும்.

அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வோம்: 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 1 பார். 61 மீட்டருக்குக் கிடைப்பது 6 பார். தம்பியின் பக்கம் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். 10 டன் விசை வேண்டுமானால் 6 பாரில் சிலிண்டரின் விட்டம் 456 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 50 பாரில் 158 மில்லிமீட்டர் போதும். அதே வேலைக்கு 6 பாரில் எட்டு மடங்குக்கு மேல் தண்ணீர் ஓட வேண்டும். ஆகவே குழாய் பெரிது, வால்வு பெரிது, கசிவைத் தடுக்கும் கிளாண்டு பேக்கிங்கின் சுற்றளவும் பெரிது. சுற்றளவு கூடினால் கசியும் இடமும் கூடும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. கோபுரம் எழுந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அதே ஹம்பரின் தென்கரையில், அதே ரயில்வே கம்பெனியின் நியூ ஹாலண்ட் படகுத்துறைக்கும் ஹைட்ராலிக் கிரேன்கள் தேவைப்பட்டன. இரண்டுக்கும் ஹைட்ராலிக் இயந்திரங்கள் பொறியாளர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்குடையவை. நியூ ஹாலண்ட் தரை மணல். உயரக் கோபுரத்தைத் தாங்காது. அதனால் அவர் உயரத்தையே விட்டுவிட்டார். செங்குத்தாக ஒரு சிலிண்டர், அதற்குள் ஏறி இறங்கும் உருளைத் தண்டான ஒரு ரேம், ரேமின் தலையில் சரளையோ பழைய இரும்போ நிரப்பிய பெரிய பெட்டி. பம்ப் தண்ணீரைத் தள்ளினால் பெட்டி ஏறும். கிரேன் தண்ணீரை எடுத்தால் பெட்டி இறங்கும். எடை மாறாது என்பதால் அழுத்தமும் மாறாது. எடையேற்றிய அக்குமுலேட்டர் பிறந்த கதை இதுதான். பிற்காலத்தில் 50 பார் அளவில் ஓடியவை சாதாரணம்.

ஆக, ஓர் இடத்தில் தரை இடம் கொடுக்காததால் புதிய வழி பிறந்தது. இன்னொரு இடத்தில் தரை கோபுரத்தைத் தாங்கியதால் பழைய வழியே 94 மீட்டருக்கு எழுந்தது. இதை நினைக்கும்போது “வீண்தானே” என்பதை மறுக்க வாய் வரவில்லை.

ஆனால் அழுத்தத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. சேமிப்பையும் பார்க்க வேண்டும். 136 டன் தண்ணீர் 61 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 81 மெகாஜூல். ஒரு அக்குமுலேட்டரை எடுத்துக்கொள்வோம்: ரேம் விட்டம் 457 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது ஏறி இறங்கும் தூரம், 6 மீட்டர், அழுத்தம் 50 பார். அதற்குத் தலையில் 84 டன் ஏற்ற வேண்டும். அப்படியும் உள்ளே நிற்கும் தண்ணீர் 1,000 லிட்டர்கூட இல்லை, ஆற்றல் 4.9 மெகாஜூல். ஒரு டன் சரக்கை 10 மீட்டர் தூக்குவதற்கு, பாதி ஆற்றல் உராய்வில் போய்விடுகிறது என்று வைத்தால், அக்குமுலேட்டரை நம்பி 25 தூக்கு. கோபுரத் தொட்டியை நம்பி 400.

டாக்குக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஹம்பரில் பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் பொங்கி வடியும்போது, நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கப்பல்கள் உள்ளே வருவதும் வெளியே போவதும் நீர் ஏறி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். லாக் கதவு வேலை முழுக்க அந்த நேரத்தில் குவியும். பிறகு மணிக்கணக்கில் கதவுகளுக்கு வேலை இருக்காது. சின்ன பம்ப் ஒன்று நாள் முழுக்க மெதுவாகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். பம்ப் பழுதாகி நின்றாலும் அந்த ஓதத்தைச் சமாளித்துவிடலாம். அக்குமுலேட்டரில் அந்த நிம்மதி கிடையாது. பெட்டி கீழே வந்ததும் ஒரு சங்கிலி நீராவி வால்வைத் திறந்து பம்பை ஓடவைக்க வேண்டும்; மேலே போனதும் மூட வேண்டும். சங்கிலி சிக்கினால் பெட்டி தரையில் உட்கார்ந்துவிடும். உடனே அழுத்தமும் போய்விடும்.

84 டன் இறங்கி வரும்போது யாராவது வால்வை வெடுக்கென்று மூடினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் வரும் எடை 0.05 வினாடியில் நின்றால் அழுத்தம் 60 சதவீதம் எகிறும். 50 பார் 80 ஆகிவிடும். அதற்கு, கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு வேண்டும், கிரேன் ஓட்டுபவரின் கை பழக வேண்டும். கோபுரத்திலும் குழாய்க்குள் தண்ணீர் அறைவது உண்டுதான், ஆனால் அந்தப் பெட்டியின் எடை அதில் சேராது.

இந்த இடத்தில் என் பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்த கணக்கில் மறுபடி ஆட்டம் காண்கிறது. செங்கல் ஒன்றுக்கு 3 கிலோ என்று வைத்தாலே 3,000 டன். 136 டன் தண்ணீரை நிறுத்த 3,000 டன் கட்டடம். அதிலும் தொட்டிக்கு மேலே இருக்கும் 33 மீட்டருக்கு ஹைட்ராலிக்கில் எந்த வேலையும் இல்லை. 1854-ல் விக்டோரியா ராணியே இந்த டாக்குக்கு வந்தார். துறைமுகம் தன்னை ஊருக்குக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன், கடலிலிருந்து வருபவன் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோபுரம். 1863-ல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்கன்ஹெட் டாக்கில் அக்குமுலேட்டருக்கே ஃபிளாரன்ஸ் பாணியில் ஒரு கோபுரம் கட்டினார்கள். உயரம் தேவைப்படாத காலத்திலும் கோபுரம் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே கிரிம்ஸ்பியின் செலவு முழுவதையும் தண்ணீரின் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை, முழுவதையும் பகட்டின் கணக்கில் தள்ளுவதும் நியாயமில்லை.

1892-ல்தான் கோபுரம் ஓய்வு பெற்றது. பக்கத்திலேயே அதன் கால்வாசி உயரத்தில் ஒரு சின்னக் கோபுரம், உள்ளே எடையேற்றிய அக்குமுலேட்டர். 40 ஆண்டு உழைத்த ஒன்றை வீண் என்று எப்படிச் சொல்வது என்றுதான் நான் முதலில் வாதம் வைத்திருந்தேன். இப்போது அந்த வாதத்தை நம்பிச் சாய முடியவில்லை. 6 பாருக்கு என்று சிலிண்டர், குழாய், வால்வு எல்லாம் போட்டுவிட்டால் அழுத்தத்தை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. குழாய் தாங்காது, சிலிண்டரின் அளவும் பொருந்தாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்ற வேண்டும். 40 ஆண்டு ஓடியதற்குக் காரணம் முடிவு நல்லது என்பதா, மாற்றும் செலவு பெரியது என்பதா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் ஊகம். எந்த விகிதத்தில் என்று சொல்லத் தெரியவில்லை.

அதே கேள்வி வேறு வகுப்பில் வந்தால் 40 ஆண்டுக் கணக்கைச் சொல்ல மாட்டேன். தொட்டியின் கொள்ளளவையும் ஓத நேரத்தையும் சிலிண்டர் விட்டத்தையும் பலகையில் எழுதிவிட்டு, கேட்டவரையே போட்டுப் பார்க்கச் சொல்வேன்.