லினக்ஸ் லேப்டாப்புக்கு வைஃபை டாங்கிள் தேடி பாண்டிக்குப் போன கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா மகளின் பழைய லேப்டாப்பில் மூடியின் கீல் உடைந்தது. கூடவே அதற்குள் ஓடும் வைஃபை ஆண்டெனா ஒயரும் அறுந்துபோனது. அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான் என்பதால், "மாமா, நெட் வரலை" என்ற புகாரும் என்னிடமே வந்தது.

ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிச் செருகினால் தீர்ந்தது என்று நினைத்து ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். டப்பாவில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம்கூட இருந்தது. செருகினால் வைஃபை வரவில்லை, சிடி டிரைவ் ஒன்று வந்தது! திறந்து பார்த்தால் விண்டோஸுக்கான செட்டப் ஃபைல். தன்னை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தன் வயிற்றிலேயே வைத்திருப்பதற்காகச் சில டாங்கிள்கள் இப்படி முதலில் சிடி வேஷம் போடும். அதை 'எஜெக்ட்' செய்த பிறகுதான், யூஎஸ்பியில் செருகியிருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் நிஜ முகம் தெரிந்தது. உள்ளே இருந்தது 8811சியூ என்ற சிப்.

இந்தச் சிப்புக்கான யூஎஸ்பி டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்தது அதன் 6.2 பதிப்பில். டெபியன் 12இல் இருப்பது 6.1. ஒரே ஒரு படியில் தவறிவிட்டது. டெபியனுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னலை எடுத்திருக்கலாம், அன்றைக்கு அது தோன்றவில்லை. போனை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டி, தனியாகக் கிடைக்கும் டிரைவரின் மூல நிரலை இறக்கி, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி உருவாக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் ஏற்றினேன். ஓடியது.

மூன்று வாரம்தான். கெர்னல் அப்டேட் வந்ததும் வைஃபை காணாமல் போனது. புதிய கெர்னலோடு, டிரைவரை உருவாக்கத் தேவைப்படும் அதன் ஹெடர் பேக்கேஜும் தானாக இறங்கும்படி நான் செய்து வைக்கவில்லை. ஹெடர் இல்லாததால் டிரைவரும் மறுபடி உருவாகவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் மறுநாள் அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய பெண்ணிடம் போய் டிகேஎம்எஸ் பாடம் நடத்த முடியுமா? சரி, டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிற டாங்கிள்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் சிக்கல். டப்பாவில் வேகத்தைப் போடுவார்கள், சிப் பெயரைப் போட மாட்டார்கள். மாடல் பெயரை நம்பியும் வாங்க முடியாது. டிபி-லிங்க் 722என் பலருக்கும் தெரிந்த உதாரணம். முதல் பதிப்பில் ஏதெரோஸ் 9271 சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து வேறு கம்பெனி சிப். பெயர் மட்டும் அதேதான்.

எனக்கு அந்த 9271 மேல் ஒரு கண். டிரைவர் திறந்த மூலமாக இருந்தாலும், சிப்புக்குள் ஏற்றுகிற ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் பெரும்பாலும் மூடியதாகவே இருக்கும். 9271க்கு அந்த ஃபர்ம்வேரின் மூல நிரலும் 2013இல் வெளியானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், காகிதத்தில் 150 எம்பிபிஎஸ். அக்கா வீட்டு இணைப்பே 40தான், போதும்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன். காமராஜர் சாலைப் பக்கம் பழைய லேப்டாப் விற்கிற ஒரு சின்னக் கடை. விஷயத்தைச் சொன்னதும் பையன், "எல்லா டாங்கிளும் எல்லாத்துலயும் ஓடும்ணா" என்றான். "செருகிப் பார்த்துட்டு வாங்கிக்கவா தம்பி?" என்றேன். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டிராயரையே உருவி வைத்தான். தூசி, ரப்பர் பேண்ட், மூடி இல்லாத பென் டிரைவ்கள், நடுவே ஏழெட்டு டாங்கிள்கள்.

ஒவ்வொன்றாகச் செருகி எல்எஸ்யூஎஸ்பி அடித்தேன். அது காட்டும் வரியில் இரட்டைப் புள்ளிக்கு முன்னால் இருப்பது தயாரிப்பாளர் எண், பின்னால் இருப்பது பொருளின் எண். முதலில் செருகியது மறுபடியும் சிடி. அடுத்த இரண்டில் ஒன்று சூடானதே தவிர பேசவில்லை. நான்காவது, ஆண்டெனா மூட்டில் டேப் சுற்றிய கருப்பு டாங்கிள். வரியில் 9271 என்று இருந்தது. எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. கடையின் வைஃபை பெயர், பக்கத்து ஜெராக்ஸ் கடையின் பெயர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இருநூறு குடுங்கண்ணா" என்றான். கொடுத்தேன். அதற்குள் அவன் பில் புத்தகத்தின் பின்னட்டையில் 9271 என்று எழுதிவிட்டு, "வேற எந்த நம்பர்லாம் கேப்பாங்க?" என்றான். 5370 என்றேன், பழைய ராலிங்க் கம்பெனி சிப், சின்னது, விலை மலிவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மீடியாடெக் 7612, கெர்னல் 4.19 முதலே உள்ளே இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டிராயரில் மீதி இருந்த டாங்கிள்களைத் தனியே எடுத்து வைத்தான். அடுத்த முறை போனால் இருநூறுக்குக் கிடைக்காது.