பெட்டியில் வந்த 120 வோல்ட்

நியூ ஜேர்சியிலிருந்தோ ரொரன்ரோவிலிருந்தோ இலங்கையின் முல்லைத்தீவுப் பக்கம் மல்லாவிக்கு ஆள் வந்தால், சொக்கிளேட்டுக்கும் உடுப்புக்கும் நடுவில் ஒரு ரைஸ் குக்கரோ பிளெண்டரோ இருக்கும். தட்டையான இரண்டு கால் பிளக் நம் சொக்கெட்டுக்குள் போகாது. கடையில் ஒரு அடப்டர் வாங்கிச் செருகுவார்கள். அன்றே புகை வரும். அடப்டர் காலை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. அங்கே 120, இங்கே 230.

இரண்டு மடங்கு வோல்ட் என்றால் இரண்டு மடங்கு சூடு என்று நினைப்பதுதான் பிழை. வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்காகும். 500 வாட் அமெரிக்கக் குக்கரின் சூட்டுக்கம்பிக்கு ஏறத்தாழ 29 ஓம் தடை. 230 கொடுத்தால் அதற்குள் 8 அம்பியர் ஓடி, 1800 வாட்டைத் தாண்டும். 13 அம்பியர் பிளக்கில் இருக்கும் பியூஸ் 8 அம்பியருக்கு அசையாது, அதை நம்பி இருக்க வேண்டாம். குக்கரைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினால், துணிக்குழாய் ஒன்றுக்குள் சிறிய வெப்பப் பியூஸ் ஒளிந்திருக்கும். அது மட்டும் போயிருந்தால் அதிர்ஷ்டம்தான். அதே பாகை, அதே அம்பியர் எழுதியதைப் போட வேண்டும். ஈயம் வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே புதியதும் போய்விடும்; குழாய்க் கிளிப் போட்டு நசுக்குவதே சரி. பியூஸைத் தூக்கிவிட்டு வயரை நேரே முறுக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அது வீட்டை எரிக்கும் வேலை.

இந்த 120 எங்கிருந்து வந்தது? 1882 செப்ரெம்பரில் எடிசன் நியூயோர்க் பேர்ள் தெருவில் மின்நிலையம் திறந்தபோது கொடுத்தது ஏறத்தாழ 110 வோல்ட் நேரோட்டம் (DC). அன்றைய கரி இழை பல்புக்கு அந்த அளவே ஒத்துவந்தது. பிறகு ஆடலோட்டம் (AC) வென்றது, வோல்ட் மட்டும் ஏறத்தாழ அப்படியே நின்றுவிட்டது. 1899இல் பேர்லின் 220க்கு மாறத் தொடங்கியது. பல்பும் இயந்திரமும் நிறைந்துவிட்ட அமெரிக்காவால் அப்படி மாற முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க வீட்டுக்குள்ளும் 240 வருகிறது. கரண்ட் அடுப்பும் உடுப்பு உலர்த்தியும் அதில்தான் ஓடும். சாதாரண சொக்கெட்டுக்கு மட்டும் பாதி. 15 அம்பியர் கொடுத்தாலும் 1800 வாட்தான் உச்சம். அதனால் அவர்களுடைய கேத்தலில் தண்ணீர் கொதிக்க நேரமெடுக்கும்.

எதையும் செருகுமுன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ‘100–240’ என்றும் ‘50/60’ என்றும் இருந்தால் பயமில்லை. போன், லப்டொப் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகை. ‘120’ மட்டும் இருந்தால் 230ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 500 வாட் குக்கருக்கு 750 வாட் ட்ரான்ஸ்போமர். பிளெண்டர், கிரைண்டர் என்றால் வாட்டைப்போல் இரண்டு மடங்கு, ஏனென்றால் மோட்டர் கிளம்பும்போது கூட இழுக்கும். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். 1500 என்று எழுதிவிட்டு இலேசாக இருந்தால் அது ட்ரான்ஸ்போமர் அல்ல, அலையை வெட்டிக் கொடுக்கும் பயணக் கொன்வேட்டர். அயன்பெட்டி மாதிரி வெறும் சூட்டுச் சாமானுக்குச் சில நிமிடம் சரி. மின்னணுப் பலகை உள்ள எதையும் அதில் போடாதீர்கள்.

ட்ரான்ஸ்போமரால் திருத்த முடியாதது ஒன்று உண்டு: ஹேர்ட்ஸ், அதாவது கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தடவை ஆடுகிறது என்ற கணக்கு. அங்கே 60, இங்கே 50. பிளெண்டரின் கரி பிரஷ் மோட்டர் கவலைப்படாது. பிளக்கில் ஓடும் பழைய மணிக்கூடு மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். பழைய வகை மைக்ரோவேவுக்குள் இருக்கும் பெரிய ட்ரான்ஸ்போமர் 50இல் அளவுக்கு மீறிச் சூடாகும். அதைக் கப்பலில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

ஒட்டுசுட்டான் பக்கம் லைனின் கடைசி வீடுகளில் பின்னேரம் விளக்கு மங்கும்போது, ஸ்டெப் டவுனும் அதே கணக்கில் இறங்கும். 230 கிடைக்கும்போது 120. 190 ஆனால் 99தான். சோறு வேகப் பிந்தும், அவ்வளவுதான். கொம்பிரசர் உள்ள சாமான் கிளம்ப முடியாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். குக்கரைக் கழற்றினாலும் ட்ரான்ஸ்போமர் தன்பாட்டில் கரண்ட் குடிக்கும். சுவரிலுள்ள சுவிட்சையும் அணையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவரிடம் சொல்லும்போது மட்டும் கவனம்: அங்கே நமக்கு எதிர்மாறாக, சுவிட்ச் மேலே இருந்தால்தான் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.