லாக்டேட் ஏறிய கதை

மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவியில் என் முதல் பெரிய ரன். 60 பிளாஸ்மா மாதிரிகள். பாதி நோயாளிகள், பாதி நலமானவர்கள். வரைபடத்தில் இரு குழுவும் கத்தியால் வெட்டினாற்போல் தனித்தனியாக நின்றன. நோயாளிகளிடம் லாக்டேட் மேலே, குளுக்கோஸ் கீழே. இரண்டு நாள் என் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள், ரத்தம் பிரிக்காமல் கிடந்தால் ஏறும் ஹைபோசாந்தினும் அதே பக்கம் ஏறியிருப்பதைப் பார்த்ததும் சுருக்கென்றது. ரத்தம் எடுத்த நேரக் குறிப்பேட்டைத் தேடிப் பிடித்தேன். நலமானவர்களின் ரத்தம் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் எடுத்தது. அரை மணிக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அணுக்களைப் பிரித்தாகிவிட்டது. நோயாளிகளின் குழாய்கள் வார்டிலிருந்து வந்துசேர மூன்று, நான்கு மணி நேரம், அதுவும் அறை வெப்பத்தில். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. குழாய்க்குள் கிடந்தாலும் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைத் துப்பிக்கொண்டேதான் இருக்கும். குழாயிலிருக்கும் ஈடிடிஏ ரத்தம் உறைவதைத் தடுக்குமே தவிர இதைத் தடுக்காது. ஆக, நான் இரண்டு நாளாகக் கொண்டாடியது வார்டு வராந்தாவின் நீளத்தை!

அனுமதி வாங்கி எல்லாம் முதலிலிருந்து. இம்முறை எல்லாக் குழாயும் பனிக்கட்டியில், அரை மணிக்குள் சுற்றி, மைனஸ் 80 டிகிரியில். பிறகு 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு 400 மைக்ரோலிட்டர் குளிர்ந்த மெத்தனால். ஊற்றிய கணமே புரதம் திரிந்த பால்போல் வெள்ளையாகத் திரளும். சுற்றியதும் அடியில் படியும். பிப்பெட் முனை அந்த மண்டியைத் தொடாமல் தெளிவை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஒரு குழாயில் அவசரப்பட்டேன். கருவிக்கு முன்னால் மூலக்கூறுகளைப் பிரிக்கும் பிரிப்புக் குழாய் (column) அடைத்து, அழுத்தம் எகிறி, ஒரு ராத்திரி பாழ்.

எல்லா மாதிரியிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொதுக் கலவையைப் பத்துக்கு ஒருமுறை ஓட்டினேன். கருவியின் உணர்திறன் நடுவில் சரிந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மாதிரிகளின் வரிசையையும் குலுக்கிப் போட்டேன். (முதல் ரன்னில் நோயாளிகள் அத்தனை பேரையும் முதலில் ஓட்டியிருந்தேன். சொல்லவே வெட்கம்.)

லாக்டேட் வித்தியாசம் காணாமல் போயிற்று. மிச்சமிருந்தவற்றில் ஒரு கூட்டம் எடையில் 44, 44 என்று படிக்கட்டாக ஏறியது; வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட பாலிஎதிலீன் கிளைகால் மாசு. மெத்தனால் மட்டும் ஓட்டிய வெற்று ரன்னிலும் அதே படிக்கட்டு, பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இன்னொன்றின் எடை 132.1019, ஒரு அமினோ அமிலம். லியூசினா, ஐசோலியூசினா? இரண்டுக்கும் ஒரே எடை, கருவிக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் தூய பொருளாகத் தனித்தனியே ஓட்டி, பிரிப்புக் குழாயிலிருந்து எது எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் கருவியில் இடம் கேட்டிருக்கிறேன்.